'லண்டன் காலிங்' இசைத்தட்டின் உயிர் அதன் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது

கொட்டகலையான் எழுதியது:

பிரித்தானியப் பங்க் ரொக் குழுவான த க்ளாஷின் 'லண்டன் காலிங்' அல்பம் என்றதும் நம்மில் பெரும்பாலானோர் இரண்டு விடயங்களைத்தான் எடுத்துப் பேசுகிறோம். ஒன்று, கிட்டாரை ஓங்கி மேடையில் அடிக்கும் அந்த அட்டைப்படம். மற்றது, அல்பத்தின் பெயரையே தாங்கிய முதற்பாடல். இரண்டும் சிறந்தவைதாம். ஆயினும் 19 பாடல்களைக் கொண்ட அந்த இரட்டை இசைத்தட்டின் உயிர் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்பதே என் நெடுநாளைய எண்ணம். அதை முறையாக எழுதிவைக்க விரும்புகிறேன். மறுப்பு உடையவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

1979ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்தக் குழு நல்ல நிலைமையில் இருக்கவில்லை. முதல் மேலாளரை விலக்கியாயிற்று, கையில் காசும் இல்லை, புதிய பாட்டுகளும் இல்லை. பிம்லிக்கோவில் ஒரு வாகனத் திருத்தகத்தின் பின்னால் இருந்த 'வனிலா' என்ற ஒத்திகைக் கூடத்தில் நால்வரும் தினமும் கூடி, சற்று நேரம் பந்து விளையாடிவிட்டு, பழைய ரெகே பாட்டுகளையும் ரொக்கபிலி பாட்டுகளையும் வாசித்து வாசித்துத் தம் கையைத் தாமே பழக்கிக்கொண்டார்கள். ஓகஸ்ட் மாதம் ஹைபரியில் இருந்த வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தபோது அவர்கள் வேறொரு குழுவாக மாறியிருந்தார்கள். டிசம்பர் 14ஆம் திகதி அல்பம் வெளிவந்தது.

இரண்டாம் பக்கத்தில் ஐந்து பாடல்கள். 'ஸ்பானிஷ் பொம்ப்ஸ்' ஸ்பெயினின் உள்நாட்டுப் போரையும், கவிஞர் லோர்காவின் கொலையையும், 1979இல் அந்நாட்டுச் சுற்றுலா விடுதிகளில் வெடித்த குண்டுகளையும் ஒரே மூச்சில் சொல்கிறது. மெட்டோ விடுமுறைக்குப் போகிறவன் சீழ்க்கையடிப்பதுபோல இலகுவானது. 'த ரைட் ப்ரொஃபைல்' 1956ஆம் ஆண்டு வாகன விபத்தில் முகம் சிதைந்த நடிகர் மொன்ட்கொமரி க்ளிஃப்டைப் பற்றியது. அதைக் கேட்டு ரசிக்கலாம், அவ்வளவுதான். அடுத்து வரும் மூன்றுக்காகவே நான் இதை எழுதுகிறேன். 'லொஸ்ட் இன் த சுப்பர்மார்க்கட்' வீட்டைப் பற்றியது, 'க்ளாம்ப்டவுன்' வேலையைப் பற்றியது, 'த கன்ஸ் ஒஃப் பிரிக்ஸ்டன்' கதவை உடைத்துக்கொண்டு பொலிஸ் உள்ளே வரும் இரவைப் பற்றியது. வீடு, வேலை, பொலிஸ் என்ற வரிசையைப் பாருங்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு இந்த வரிசையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் முதலில் கேட்டது இசைத்தட்டில் அன்று. கண்டியில் ரெக்கோடிங் பார்களில் வெற்றுக் கசெட்டைக் கொடுத்துப் பதிவுசெய்து வாங்கிய காலம் அது. 90 நிமிடக் கசெட்டின் ஒரு முகத்திலேயே தட்டின் முதலிரண்டு பக்கங்களும் அடங்கிவிடும். ஆகவே முதற்பக்கத்தின் கடைசிப் பாட்டான 'ரூடி கான்ட் ஃபெய்ல்' முடிந்த கையோடு 'ஸ்பானிஷ் பொம்ப்ஸ்' தொடங்கிவிடும். பக்கம் புரட்டும் இடைவெளி எங்களுக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் தட்டைக் கையில் எடுத்தபோதுதான் அந்த ஐந்து பாடல்களும் தனியே ஒரு பக்கமாக அடுக்கப்பட்டிருப்பதையும், அந்த அடுக்கில் ஒரு யோசனை இருப்பதையும் கண்டேன்.

நானுஓயா_மேடை எழுதியது:

அண்ணனின் ரசனைக்கு நான் எதிரி அல்லன். எனினும் தலைப்பிலேயே எழ வேண்டிய கேள்வியை அவர் தாண்டிப் போய்விட்டார். ஊதுகருவிகள், ஓர்கன், பியானோ, ஜாஸ் தாளம், ஒரே பாட்டை இரட்டிப்பாகப் பதிந்து பெருக்கிய ஒலி என்று இத்தனையும் கொண்ட ஓர் இரட்டை அல்பத்தைப் பங்க் ரொக் என்று எந்த நியாயத்தில் சொல்கிறோம்?

ரமோன்ஸ் குழுவின் முதல் அல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 ஏப்ரலில் வந்தது. 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடம், செலவு ஏறத்தாழ 6,400 டொலர். கிட்டார் தனியாவர்த்தனம் என்று ஒன்று கிடையாது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். வாத்தியம் பயிலாதவனும் வாசிக்கலாம், காசில்லாதவனும் பதிவுசெய்யலாம் என்ற துணிவை உலகத்துக்குக் கொடுத்தது அதுதான். பங்க் இசையின் அறம் அந்தத் துணிவு என்றால், 'லண்டன் காலிங்' அந்த அறத்திலிருந்து விலகிப்போனவர்களின் நல்ல இசை. நல்ல இசை என்பதில் ஐயம் இல்லை. பெயரை மட்டும் மாற்றிக்கொள்வோம் என்கிறேன்.

பசறையாள் எழுதியது:

பெயர்ச் சண்டையை ஆண்கள் தொடரட்டும். நான் 'லொஸ்ட் இன் த சுப்பர்மார்க்கட்' பாடலோடு நிற்க விரும்புகிறேன். கொட்டகலை அண்ணா அதை 'வீடு' என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டார்.

அந்தப் பாடலை எழுதியவர் குழுவின் முதன்மைப் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர், பாடியவர் கிட்டார் வாசிக்கும் மிக் ஜோன்ஸ். அங்கேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. ஸ்ட்ரம்மர் இராஜதந்திர சேவையில் இருந்தவரின் மகன். துருக்கியில் அங்காராவில் பிறந்து, விடுதிப் பாடசாலையில் வளர்ந்தவர். ஜோன்ஸோ பாட்டியோடு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்தவர். ஆகவே நண்பனின் பிள்ளைப்பருவத்தைத் தான் கற்பனைசெய்து எழுதி, அதை அந்த நண்பனின் வாயிலேயே ஸ்ட்ரம்மர் பாடவைத்திருக்கிறார். ஜோன்ஸின் குரல் அதில் சற்றும் உயர்வதில்லை. பங்க் பாட்டு என்றால் கத்த வேண்டும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, இப்படி யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலப் பாடப்பட்ட ஒரு பாட்டு முதலில் ஏமாற்றமாகவும் பிறகு மிக நெருக்கமாகவும் ஆனது.

பாட்டில் ஒரு சிறுவன், மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் இரைந்து சண்டை பிடிப்பதைக் கேட்டபடி வளர்கிறான். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு இது எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. தகரக் கூரையின் கீழ் முழு உயரத்துக்கு எழும்பாத நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அடுத்த காம்பராவில் அடுப்பூதும் சத்தத்தையும், பிள்ளைக்கு விழும் அடியையும், நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கி விடியும்வரை நீளும் தர்க்கத்தையும் கேட்டுத்தான் நாங்கள் பாடம் படித்தோம். வேறுபாடும் உண்டு. அந்தச் சிறுவனுக்கு மேல்வீட்டாரின் முகம் தெரியாது. எங்களுக்கு முகம் தெரியும், காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவர்களையே பார்க்க வேண்டும், எதுவும் கேளாதவர்போல நடந்துகொள்ள வேண்டும். தனிமையைப் பற்றிய பாட்டு அது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது மறைப்பே இல்லாத வாழ்வைப் பற்றிய பாட்டாகத்தான் கேட்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 19 பாடல்களில் ஒரு பெண்ணாவது முன்னின்று பாடவில்லை. அதே லண்டனில் அதற்கு ஓராண்டு முன்னர், சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பொலி ஸ்டைரீன் என்ற பெண், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவோடு 'ஜேர்ம்ஃப்ரீ அடோலசன்ட்ஸ்' என்ற அல்பத்தை வெளியிட்டிருந்தார். அங்காடிகள், பிளாஸ்டிக், விளம்பரம் என்று க்ளாஷ் சொல்ல வந்தவற்றை அவர் முன்னரே, பல்லில் கம்பி கட்டிய ஒரு சாதாரணப் பெண்ணாக மேடையில் நின்று, கிறீச்சிட்டுச் சொல்லிவிட்டார். நானுஓயா நண்பர் தேடும் அறம் அங்கே குறைவில்லாமல் கிடைக்கும்.

பேஸ்காரன்_பதுளை எழுதியது:

முதலில் ஒரு திருத்தம். அட்டைப்படத்தில் உடைபடுவது வெறும் கிட்டார் அன்று, பேஸ் கிட்டார். ஃபெண்டர் ப்ரெசிஷன் வகை. 1979 செப்டம்பரில் நியூயோர்க் பலேடியம் அரங்கில் குழுவின் பேஸ் வாசிப்பவரான போல் சிமொனன் அதை அடித்து நொறுக்கியபோது பென்னி ஸ்மித் எடுத்த படம். படம் தெளிவில்லாமல் கலங்கியிருக்கிறது, இதைப் போடாதீர்கள் என்று எடுத்தவரே தடுத்திருக்கிறார். கேட்கவில்லை. அட்டையை வடிவமைத்த ரே லோரி அதைச் சுற்றி, 1956இல் வந்த எல்விஸ் ப்ரெஸ்லியின் முதல் அல்ப அட்டையில் இருந்த அதே இளஞ்சிவப்பு, பச்சை எழுத்துகளை அதே இடத்தில் பதித்தார். எல்விஸ் கிட்டாரைத் தழுவி நிற்கிறார், சிமொனன் உடைக்கிறார். உடைந்த பேஸ் கிட்டார் பின்னர் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். சிமொனன் குழுவில் சேரும்போது அவருக்கு வாசிக்கவே தெரியாது. எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று பேஸ் கிட்டாரின் கழுத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு மேடையேறியவர். ஆகவே நானுஓயாவாரே, உங்கள் 'பயிலாதவனும் வாசிக்கலாம்' என்ற அறம் இந்தக் குழுவுக்குள்ளேயே, அதுவும் அட்டைப்படத்திலேயே நிற்கிறது. அந்த மனிதர் இந்த அல்பத்தில்தான் முதன்முறையாகத் தாமே ஒரு பாட்டை எழுதிப் பாடுகிறார். அதுதான் 'த கன்ஸ் ஒஃப் பிரிக்ஸ்டன்'. பாட்டு எழுதியவருக்கே உரிமைப் பணம் போகிறது, உடையையும் சுவரொட்டியையும் வடிவமைத்தவருக்கு ஒன்றும் வருவதில்லை என்று கண்டுகொண்ட பிறகே எழுத முனைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒளிவுமறைவில்லாத காரணம்.

அந்தப் பாட்டை வாசிக்கப் பழகியவர்களுக்குத் தெரியும், அதில் விரல்களுக்கு அதிக வேலை இல்லை. வேலை எல்லாம் நிறுத்துவதில் இருக்கிறது. ஒரு சுரத்தை எங்கே விடுவது, அடுத்ததை எவ்வளவு தாமதித்து எடுப்பது என்பதில்தான் பாட்டு நிற்கிறது. கிட்டார் ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் நடுவிலுள்ள வெளியில் குறுக்கே வெட்டிவிட்டு உடனே அடங்குகிறது, மெட்டை பேஸ் சுமக்கிறது. காமன் கூத்தில் தப்பு அடிப்பவர் இருகோலையும் ஒரு கணம் தூக்கிப் பிடித்து நிறுத்தும்போது ஆடுபவனின் கால் எப்படித் தானாக அந்த வெற்றிடத்தில் விழுகிறதோ, அப்படித்தான் இந்த பேஸ் கேட்பவரின் உடம்பை இழுக்கிறது. எங்கள் ஊரில் தப்புக் குழுவில் அடிக்கும் ஒரு தம்பிக்கு இதைப் போட்டுக் காட்டினேன். மொழி புரியாமலே இரண்டாவது சுற்றில் அதற்கு ஒத்தடி போட்டான். அதே தம்பியிடம் ரமோன்ஸைப் போட்டபோது, "இதுல எங்கண்ணே அடிக்கிறது, எடமே இல்லையே" என்றான்.

டொப்பர் ஹெடனையும் மறக்கக்கூடாது. 'ஜிம்மி ஜாஸ்' பாட்டில் சோம்பலாகவும், 'ரூடி கான்ட் ஃபெய்ல்' பாட்டில் துள்ளலாகவும், 'க்ளாம்ப்டவுன்' பாட்டில் இறுக்கமாகவும் ட்ரம்ஸ் வாசிப்பவர் ஒரே ஆள்தான் என்பதை நம்புவதே கடினம். இத்தனை வகை இசைக்குள் இந்தக் குழு துணிந்து இறங்க முடிந்ததே அவர் ஒருவரால்தான்.

சிற்றலை_வானொலி எழுதியது:

இளையவர்கள் முதற்பாடலைச் சுலபமாக ஒதுக்கிவிடுகிறீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் அதற்காகக் கொஞ்சம் வழக்காடுகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பி.பி.சி. வெளிநாடுகளுக்கு ஒலிபரப்பும்போது சொன்ன அறிவிப்பிலிருந்து எடுக்கப்பட்டதே அந்தப் பெயர். லண்டன் பேசினால் உலகம் கேட்க வேண்டும் என்ற தோரணை அதில் உண்டு. நம் மலைகளில் அந்தத் தோரணை வானொலிப் பெட்டியோடு மட்டும் நின்றதில்லை. தோட்டங்களைச் சொந்தமாக வைத்திருந்த ஸ்டேர்லிங் கம்பனிகள் 1975இல் அவை அரசுடைமையாகும் வரை லண்டனிலிருந்துதான் நடத்தப்பட்டன. நாம் பறித்த கொழுந்து தேயிலையாகிப் பெட்டியில் ஏறி லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. அந்த ஏலம் 1998 வரை நடந்தது. துரைக்கு மேலே ஒரு துரை, அவருக்கும் மேலே லண்டன் என்பதே எங்கள் பெற்றோர் அறிந்த உலக ஒழுங்கு. இரவில் லயத்தில் ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து பி.பி.சி.யின் தமிழோசை கேட்டபோதும், இரைச்சலுக்கு நடுவே ஒலித்த அந்த நகரத்தின் பெயருக்கு ஒரு கனம் இருந்தது.

அப்படிப்பட்ட நகரத்தின் பிள்ளைகள் அதே அறிவிப்பை எடுத்து, எங்களிடம் எந்தத் திட்டமும் இல்லை, ஆறு பெருகி வருகிறது, அணு உலை உருகப் போகிறது, எங்களை வழிகாட்டியாக நம்பாதீர்கள் என்று உலகத்துக்கு ஒலிபரப்புகிறார்கள். 1979 மார்ச்சில் அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்திருந்தது. தேம்ஸ் நதிக்கு வெள்ளத்தடுப்பு அணை அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஆகவே அச்சம் வெறும் கற்பனை அன்று. கிட்டார்கள் ஈ மைனரில் அணிவகுப்புப்போல ஒரே சீராக வெட்டிக்கொண்டு போகின்றன; முடிவில் மிக் ஜோன்ஸ் கிட்டாரிலிருந்தே தந்திக் குறியீட்டு ஒலியில் அபாய அழைப்பை எழுப்புகிறார். கட்டளையிட்டுப் பழகிய நகரம் உதவி கேட்கிறது. இதை லண்டனில் இருந்து கேட்பவரைவிட, அதன் கட்டளைகளுக்குக் கீழ் இருந்தவர்களின் பிள்ளைகளே நன்றாகக் கேட்பார்கள் என்பது என் துணிபு. இரண்டாம் பக்கம் சிறந்ததாகவே இருக்கட்டும். கதவைத் திறந்துவிடுவது இந்தப் பாட்டுத்தான்.

நானுஓயா_மேடை எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன பொருளை மறுக்க எனக்கு மனமில்லை. தாளம் பற்றிப் பதுளைக்காரர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் அந்த அபாய அழைப்பை உலகுக்கு விற்றது யார் என்பதையும் சேர்த்துக் கேட்போம். இவர்கள் 1977 ஜனவரியிலேயே சி.பி.எஸ். என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒரு லட்சம் பவுணுக்கு ஒப்பந்தம் செய்தவர்கள். 'டெத் ஓர் க்ளோரி' பாட்டில் கிளர்ச்சிக்காரர்கள் எல்லாரும் கடைசியில் குடும்பஸ்தர்களாகி அடங்கிப் போகிறார்கள் என்று நக்கலடிக்கிறார்கள். அந்த நக்கல் தங்களைச் சுடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாதா?

கொட்டகலையான் எழுதியது:

தெரிந்துதான் எழுதினார்கள் என்பேன். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அல்பம் முழுவதுமே பிரசங்கமாகப் போயிருக்கும்.

நிறுவனம் பற்றிய கேள்விக்கு விலையே பதில். இரட்டைத் தட்டை ஒற்றைத் தட்டின் விலைக்கு விற்க வேண்டும் என்று குழு கேட்டது, சி.பி.எஸ். மறுத்தது. அப்படியானால் தட்டோடு ஓர் இலவச 12 அங்குலத் தட்டையாவது தாருங்கள் என்று கேட்டு, அதற்குச் சம்மதம் பெற்று, அந்த இலவசத் தட்டில் ஒன்பது பாட்டுகளை நிரப்பிவிட்டார்கள். பிரித்தானியாவில் 5 பவுணுக்கு அது விற்றது. ஒப்பந்தத்துக்குள் இருந்துகொண்டே ஒப்பந்தக்காரனை ஏமாற்றிய இந்தச் சாமர்த்தியத்தை, கொழுந்து மடுவத்தில் தராசையும் நிறுப்பவரையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து வளர்ந்த நம்மவர்கள் மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பது?

பயிலாதவர்களின் துணிவு பற்றியும் ஒரு வார்த்தை. இந்த அல்பத்தின் தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ், குடியால் தொழிலைத் தொலைத்திருந்த மனிதர். பதிவு நடக்கும்போதே நாற்காலிகளைத் தூக்கி வீசுவார், ஏணியைச் சுழற்றுவார், ஸ்ட்ரம்மர் வாசித்துக்கொண்டிருந்த பியானோவுக்குள் மதுவை ஊற்றினார் என்றும் பதிவாகியிருக்கிறது. ஒலிக்கட்டுப்பாட்டை அமைதியாகப் பார்த்துக்கொண்டவர் பொறியியலாளர் பில் ப்ரைஸ். 'பிராண்ட் நியூ கடிலாக்' பாட்டை வாசித்து முடித்ததும், போகப் போக வேகம் கூடிவிட்டது, மறுபடியும் எடுப்போம் என்று ஹெடன் சொல்லியிருக்கிறார். ரொக் அண்ட் ரோல் என்றால் வேகம் கூடத்தான் செய்யும் என்று சொல்லி அதையே வைத்துக்கொண்டார் ஸ்டீவன்ஸ். கவனித்துக் கேளுங்கள், கடைசிச் சுற்றில் நால்வரும் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவது தெளிவாகக் கேட்கும். பங்க் என்ற பெயருக்கு எனக்கு இந்த ஒரு சான்று போதும்.

கொத்மலைக்_காற்று எழுதியது:

நீண்ட காலம் படித்துவிட்டுப் போகிறவனாகவே இருந்தேன். 'க்ளாம்ப்டவுன்' பாட்டைத் தொட்டுவிட்டு யாரும் அதனுள் போகாததால் எழுதுகிறேன்.

என் பூட்டனார் கங்காணி, தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர். ஆகவே அந்தப் பாட்டு என் வீட்டுக்குள் வேறு விதமாகக் கேட்கும். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் கிட்டார்களுக்கு அடியில் ஸ்ட்ரம்மர் ஏதோ முணுமுணுக்கிறார், சொற்கள் பிடிபடாது. அதன் பிறகு ஓர் இளைஞனுக்குச் சீருடை கொடுக்கிறார்கள். அவனுக்குக் கீழே அதட்டுவதற்கு ஓர் ஆளையும் கொடுக்கிறார்கள். அவன் தன்னைப் பெரியவனாக உணர்கிறான். எப்போது மாறினோம் என்று அவனுக்கே தெரியாமல், அடக்குபவர்களின் ஆளாகிவிடுகிறான். தோட்டத்து மேலாண்மையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் தன் கூட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்குத் தலைக்காசு பெற்றவர் கங்காணி. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பிவிட்டால் அவருக்கு ஆதாயம். கடனைத் துண்டில் எழுதி ஆட்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, அந்தக் கடனின் நுனியும் அவர் கையில்தான் இருந்தது.

இருந்தும் பாட்டோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. ஆலையில் தேய்ந்துபோன முதியவர்களைக் காட்டி, நீ யாருக்கும் கடன்பட்டவன் அல்லன், இளமையிலேயே ஓடித் தப்பிக்கொள் என்று அது சொல்கிறது. ஓடுவதற்கு ஒரு நகரம் உள்ளவனின் அறிவுரை அது. 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்ட ஒரு கூட்டத்தில், தோட்டத்தை விட்டால் நிற்க நிலம் இல்லாத இடத்தில், கங்காணியின் மகனும் அவன் அதட்டிய தொழிலாளியின் மகனும் எங்கே ஓடுவது? என் பூட்டனாரை நான் நியாயப்படுத்தவில்லை. அவரைக் குற்றவாளியாக அடையாளம் காட்டும் அந்தப் பாட்டு, அவருக்குக் கொடுக்கும் ஒரே வழியை அவர் காலத்து மலை அவருக்குக் கொடுத்திருக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். பாட்டின் நடுவில் ஜோன்ஸ் குறுக்கிட்டுப் பாடும் இடத்தில் அறிவுரை நின்று, வெறும் சலிப்பு மட்டும் கொஞ்ச நேரம் கேட்கிறது. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

பசறையாள் எழுதியது:

கொத்மலை அண்ணா, இதை நீங்கள் முன்னமே எழுதியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2004இல் வந்த 25ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்பில் 'வனிலா' ஒத்திகை நாடாக்களும் இருக்கின்றன. குழுவின் உதவியாளர் நிலக்கீழ் ரயிலில் தவறவிட்டதாகக் கருதப்பட்டு, பிறகு ஜோன்ஸிடம் இருந்த பிரதியிலிருந்து கிடைத்தவை அவை. அதில் 'க்ளாம்ப்டவுன்' இன்னும் 'க்ளாம்ப்டவுன்' ஆகவில்லை. சொல் இல்லாத வெறும் வாத்தியப் பாட்டாக, 'வேலை செய்வதும் காத்திருப்பதும்' என்று பொருள்படும் வேறொரு பெயரில் இருக்கிறது. உங்கள் பூட்டனார் காலத்துக்கு அந்தப் பழைய தலைப்பே பொருந்தும் போலிருக்கிறது.

தப்பும்_தாளமும் எழுதியது:

நான் வயதில் சிறியவன். மாயா எனப்படும் எம்.ஐ.ஏ.யின் 'பேப்பர் ப்ளேன்ஸ்' வழியாகத்தான் க்ளாஷ் குழுவுக்கே வந்தேன். 2007இல் வந்த 'கலா' அல்பத்தில் உள்ள அந்தப் பாட்டு, 1982இல் க்ளாஷ் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் இசைத்துண்டின் மேல் கட்டப்பட்டது. ஈழத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பெண், வேண்டாதவர்களாக ஒதுக்கப்பட்ட குடியேறிகளைப் பற்றிய பழைய பாட்டை எடுத்து, குடியேறிகளைக் கண்டு அஞ்சுபவர்களை நையாண்டி செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அங்கிருந்து பின்னோக்கி வந்தால் 'லண்டன் காலிங்' சற்றுப் பழையதாகத் தெரிகிறது. எந்தப் பாட்டில் தொடங்கினால் எனக்குப் பிடிபடும் என்று பெரியவர்கள் சொல்லுங்கள். அலைபேசியில் கலைத்துப்போட்டுக் கேட்டால் போதாதா?

பேஸ்காரன்_பதுளை எழுதியது:

தம்பி, கலைத்துப்போட வேண்டாம். இரண்டாம் பக்கத்தின் ஐந்து பாட்டுகளையும் அதே வரிசையில் கேளுங்கள், அலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் வேண்டாம். பேஸ் கேட்காவிட்டால் 'பிரிக்ஸ்டன்' பாட்டில் பாதி இல்லை. அதன் பிறகு உடனே மூன்றாம் பக்கத்தின் முதற்பாட்டான 'ரோங் எம் போயோ'. அது ஜமெய்க்காவின் ரூலர்ஸ் குழு பாடிய பழைய பாட்டு. ஸ்டாகர் லீ என்ற அமெரிக்கக் கதைப்பாடலாகத் தொடங்கி, இடையில் சட்டென்று நின்று, மறுபடியும் முதலிலிருந்து எடுத்து வேறு தாளத்தில் ஓடும். பொன்னர் சங்கர் பாடுபவர் கதையை நிறுத்திக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீண்டும் எடுப்பதைக் கண்டிருப்பீர்களே, அந்த இடம் உங்களுக்கு உடனே பிடிபடும்.

சிற்றலை_வானொலி எழுதியது:

முதற்பாட்டையும் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

நானுஓயா_மேடை எழுதியது:

இரண்டாம் பக்கத்தை இன்று மறுபடியும் கேட்டேன். 'க்ளாம்ப்டவுன்' பங்க் என்பதை ஏற்கிறேன். 'த ரைட் ப்ரொஃபைல்' என்ன வகை என்று கொட்டகலை அண்ணன் இன்னும் சொல்லவில்லை. ஊதுகருவிகளோடு ஒரு நடிகரின் முகத்தைப் பற்றிப் பாடும் பாட்டுக்கு அவர் 'ரசிக்கலாம்' என்ற ஒரு சொல்லோடு தப்பித்துக்கொண்டார்.

கொட்டகலையான் எழுதியது:

கை ஸ்டீவன்ஸ் தாம் படித்த க்ளிஃப்டின் வாழ்க்கை வரலாற்றை ஸ்ட்ரம்மரிடம் படிக்கக் கொடுத்ததால் பிறந்த பாட்டு அது. குடியாலும் மாத்திரையாலும் சிதைந்த ஒரு கலைஞனைப் பற்றி, குடியால் சிதைந்துகொண்டிருந்த ஒரு தயாரிப்பாளர் முன்னிலையில் பாடியிருக்கிறார்கள். கடைசியில் ஸ்ட்ரம்மர் சொல்லை விட்டுவிட்டு வெறுமனே கொப்புளிப்பதுபோல ஓலமிடுகிறார். வகை எதுவோ, அந்த ஓலத்தை மெருகேற்றாமல் அப்படியே விட்டுவைத்தார்கள். ஸ்டீவன்ஸ் 1981இல் இறந்துவிட்டார்.

நான்காம் பக்கத்தைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. அட்டை அச்சாகிய பிறகு சேர்க்கப்பட்டதால் பட்டியலில் பெயரே இல்லாமல் தட்டின் கடைசியில் ஒளிந்திருக்கும் 'ட்ரெய்ன் இன் வெய்ன்', அமெரிக்காவில் இவர்களின் முதல் வெற்றிப் பாட்டாகிப் போன கதைக்கே தனியாக ஓர் இழை தொடங்கலாம். 'ஐ'ம் நொட் டவுன்' பற்றியும் பேச நிறைய இருக்கிறது. யாரேனும் தொடங்குங்கள், வந்து கலந்துகொள்கிறேன். 'லவர்ஸ் ரொக்' பாட்டுக்கு மட்டும் என்னிடம் வக்காலத்து எதிர்பார்க்க வேண்டாம்.